இரவல் மூக்கு

அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்ததில்லை. ஆனாலும் தெருவில் அவருக்கு டீச்சரம்மா என்றுதான் பெயர். நூல் மில்லின் கேன்டீனில் பாதி ஆயுளைச் சமைத்தே கழித்தவர். கேன்டீனை நிர்வாகம் வெளி ஆளுக்கு விட்டதும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். தெருமுனை லாட்ஜின் மேனேஜர்தான் ஒரு யோசனையோடு படியேறி வந்தார். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கிளம்புகிற நாளில் ஒரு காலைப்பொழுது மிச்சம் இருக்கிறது. யாராவது ஒரு வீட்டுக்காரரோடு மார்க்கெட்டுக்கு நடந்துபோய், வாங்கி வந்ததைச் சேர்ந்து சமைத்து, உட்கார்ந்து சாப்பிட ஆசைப்படுகிறார்கள் என்றார்.

“நான் என்னத்தக் கத்துக் குடுக்கறது? வெங்காயம் உரிக்கவா?”

“அதேதான். அவங்க வீட்ல அதுக்கெல்லாம் ஆள் இருக்கு. இங்க வந்து அழுதுகிட்டே உரிக்கறது அவங்களுக்கு ஒரு சந்தோஷம். நாளையிலேர்ந்து நீங்க டீச்சர்.”

வீடு மாடியில். முன்னறை, பின்னறை, ஒரு சமையலறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கீழே தையல்கடையின் தகரக் கூரை. முன்னறையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு ஒரு நீள மேசை கிடக்கிறது. கேன்டீனைக் காலி செய்தபோது அவர் கேட்டு வாங்கி வந்தது அது ஒன்றைத்தான். வகுப்பு நாளில் அதன் இரண்டு பக்கமும் ஆள் உட்காரும். மற்ற நாட்களில் அவர் சமையல் மேடைப் பக்கமே நின்று, சட்டியிலிருந்து தட்டுக்குக்கூட மாற்றாமல் சாப்பிட்டு முடித்துவிடுவார். கணவர் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. தெருவும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. ஒரே தங்கை, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, அதே ஊரில், ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு, பின்னறையில் ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போவாள்.

ஒரு மழைக்காலத்தில் டீச்சரம்மா காய்ச்சலில் படுத்தார். எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒரு காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து தையல்காரர் கத்தினார்.

“டீச்சரம்மா, என்னமோ கருகுதே! பாத்திரமா, வீடா?”

ஓடிப் போய்ப் பார்த்தால் சமையலறை முழுக்கப் புகை. பால் வற்றி அடியில் தார் மாதிரி ஒட்டிக் கிடந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்துக்கு மேல் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை. பூண்டை நசுக்கி இழுத்தார். காபித்தூள் டப்பாவைத் திறந்து இழுத்தார். துணி அலமாரியிலிருந்து ஒரு அந்துருண்டையை எடுத்து மூக்கோடு வைத்து இழுத்தார். காற்று மட்டும் உள்ளே போய்த் திரும்பி வந்தது.

“வரலாம், வராமலும் போகலாம். மூக்க நோண்டிகிட்டே இருக்காதீங்க,” என்றார் டாக்டர்.

நாக்கில் உப்பும் புளிப்பும் உறைப்பும் இருந்தன. ஆனால் அவை ஆள் போய்விட்ட வீட்டில் மேசை நாற்காலி கிடப்பதுபோலக் கிடந்தன. சோற்றுக்கும் ரொட்டிக்கும் அவருக்கு மென்மை ஒன்றில்தான் வித்தியாசம் தெரிந்தது.

காய்ச்சலுக்கு அப்புறம் வந்த முதல் வகுப்பை அவர் ரத்து செய்யத்தான் நினைத்தார். மேனேஜர் ஏற்கெனவே ஆட்களை அனுப்பிவிட்டார். மார்க்கெட்டில் பிரச்சினை இல்லை. மீனை அவர் என்றைக்குமே செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவார். கீரைக்குத் தண்டை ஒடித்தால் போதும். எலுமிச்சைக்குக் கையில் எடை தெரிந்தால் போதும். வீட்டுக்கு வந்து எண்ணெயில் சீரகத்தைப் போட்டபோதுதான் கை நின்றது. அந்த நொடியை அவர் இத்தனை வருடமும் மூக்கால்தான் பிடித்திருக்கிறார். பக்கத்தில் நின்ற விருந்தாளியைப் பார்த்து, வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

“நான் சொல்ல மாட்டேன். நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்க.”

அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். “புல்லு வெட்டின மாதிரி இருக்கு.”

“இன்னும் கொஞ்சம் நிக்கணும்.”

“இப்ப… இப்ப ஏதோ கொட்டை வறுத்த மாதிரி.”

“அவ்வளவுதான். வெங்காயத்தப் போடுங்க.”

அந்த மனிதர் ஊருக்குப் போய் நீளமாகப் பாராட்டி எழுதினார். மற்ற இடங்களில் சமைத்துக் காட்டுகிறார்கள். இந்த அம்மா நம் மூக்கை நமக்கே அறிமுகப்படுத்துகிறார் என்று. மேனேஜர் அதை அச்செடுத்து லாட்ஜ் கவுண்டரில் ஒட்டினார். அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டே வந்தார்கள். வந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். டீச்சரம்மாவும் அவர்கள் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகினார். பூண்டை யாராவது ‘காரமா இருக்கு’ என்றால் பச்சை. ‘இனிப்பா இருக்கு’ என்றால் பதம். பதில் சொல்லாமல் இருமினால் சட்டியை இறக்கிவிட வேண்டும்.

ஊர்க்காரர்களிடம் இது செல்லவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு தங்கை வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, முதல் வாயிலேயே நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னக்கா, பூண்டு தீஞ்சிருக்கு?”

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு முழுவதையும் சாப்பிடவும் செய்தாள். ஆனால் கேன்டீனில் அத்தனை பேருக்குச் சமைத்தபோது ஒரு நாளும் அந்த வார்த்தையைக் கேட்காதவர் டீச்சரம்மா. நடுத்தெருவில் சேலை அவிழ்ந்ததுபோல் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அதற்கடுத்த வாரமும் சொன்னார். தங்கை ஒருமுறை போனில், “உனக்கு வெளியூர்க்காரங்கன்னா வெல்லம், கூடப் பொறந்தவன்னா வேப்பங்காய். நடத்து, நடத்து,” என்றாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். தையல்காரருக்கு எப்போதாவது கொடுத்தனுப்பும் கிண்ணமும் நின்றது. இந்த ஊர் ருசி தெரிந்த யாருக்கும் அவர் சோறு போடவில்லை. தெரியாதவர்களுக்கு மட்டும் போட்டார். வாரத்தில் ஒரு மத்தியானம், வியாழக்கிழமை, அந்த மேசையைச் சுற்றி ஆள் இருந்தது. அந்த ஒரு மத்தியானமும் போய்விட்டால் என்ன மிச்சம் என்பதை அவர் யோசிக்கத் தொடங்கி, யோசிக்காமல் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்.

அப்படி ஒரு வியாழக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், அவர் மனைவி, விடுமுறையில் தனியாக ஊர் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நர்ஸ். ஸ்டேஷன் மாஸ்டர் மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிளாட்பாரத்தைப் பார்வையிடுகிறவர்போல் நடந்தார். மீன்காரம்மா தூரத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

“என்ன டீச்சரு, இன்னைக்குப் பொண்ணு பாக்க வந்தவங்களா?”

“ஆமா, உன்னத்தான். முதல்ல செவுளத் தூக்கிக் காட்டு.”

“என்னப் பாக்க வந்தா நானே செவுளத் தூக்கிக் காட்டணுமா? நல்ல கதையா இருக்கே!”

ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மீன் வாங்கினார்கள். தக்காளி, வெங்காயம், ஒரு கட்டு புதினா வாங்கினார்கள். டீச்சரம்மா புதினாவைப் பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோய்விட்டுப் பைக்குள் போட்டார். கடைசியாக வேர்க்கடலை. குழம்புக்கு அதை வறுத்து அரைத்து ஊற்றுவதுதான் அவருடைய கேன்டீன் கைப்பழக்கம். கடலைக்காரம்மாவின் இடத்தில் சாக்கு போர்த்திக் கிடந்தது. ஏதோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறாளாம்.

“இன்னொரு கடை பாலத்துக்கு அந்தாண்ட இருக்கு. வெயில்ல நடக்கணும். பரவால்ல, வீட்லயே கொஞ்சம் வச்சிருக்கேன்.”

வைத்திருந்தது உண்மை. மழைக்கு முன்னால் வாங்கி டப்பாவில் போட்டு, மேல் அலமாரியில் ஏற்றியது.

வீட்டில் எல்லாருக்கும் வேலை பிரிந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வெங்காயத்தோடு அழுதார். மனைவி மீனுக்கு மஞ்சள் தடவினார். நர்ஸ் வாணலியில் கடலையை வறுத்தார். கடலை பார்க்க அழகாகவே இருந்தது. தோல் வெடித்துப் பொன்னிறமாக நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு டீச்சரம்மா வழக்கமான பாட்டைப் பாடினார்.

“நான் சொல்ல மாட்டேன். நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்க.”

நர்ஸ் வாணலிக்கு மேல் குனிந்தார்.

“ஒரு மாதிரி… பெயின்ட் அடிச்ச ரூம் மாதிரி இருக்கு. பழைய பெயின்ட்.”

ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவியும் வந்து குனிந்தார். “எங்க பக்கம் கடலை இப்படி இருக்காது. இது நல்லா கனமா இருக்கு. இதுதான் இந்த ஊர் கடலையோட வாசனை போலிருக்கு.”

“மண்ணு அப்படி,” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பெயின்ட் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. டீச்சரம்மாவின் கை வாணலியின் காதைப் பிடித்தபடியே நின்றது. ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். மொறுமொறு என்று இருந்தது. கடைசியில் ஒரு கசப்பு. வறுத்ததன் கசப்பாக இருக்கலாம். ‘நல்ல வாசனையா, கெட்ட வாசனையா’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். ஆனால் எந்த டீச்சர் அப்படிக் கேட்பார்? கேட்டால் மூன்று பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் கடலையை மிக்ஸியில் கொட்டி மூடியை அழுத்தினார். அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியவில்லை. அது அவருக்கு வசதியாக இருந்தது.

மேசையில் எல்லாம் வந்தது. சோறு, மீன் குழம்பு, கத்தரிக்காய் வதக்கல், புதினாத் துவையல். ஸ்டேஷன் மாஸ்டர் முதல் வாய் எடுத்தார். மென்றார். சிக்னல் விழாத ரயில்போல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு விழுங்கினார்.

“ரொம்ப… வித்தியாசமா இருக்கு. நல்லா இருக்கு.”

“நாங்க இந்த மாதிரி சாப்பிட்டதே இல்ல,” என்றார் மனைவி.

நர்ஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தார். அவர் மனைவி மீன் துண்டின் மேலிருந்த குழம்பைச் சோற்றின் ஓரத்தில் வழித்துவிட்டு, மீனை மட்டும் கிள்ளிச் சாப்பிட்டார். மீன் தீர்ந்ததும், டீச்சரம்மா பார்ப்பதைக் கவனித்து, “இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா,” என்று தட்டை நீட்டினார்.

கேன்டீனில் தட்டுகளைப் பார்த்தே வாழ்ந்தவர் டீச்சரம்மா. பிடித்துச் சாப்பிடுகிற கையும் மரியாதைக்குச் சாப்பிடுகிற கையும் அவருக்கு வேறு வேறாகத் தெரியும். கரண்டியை எடுத்தவர் ஊற்றவில்லை.

“ஒண்ணு கேக்கறேன். மறைக்காமச் சொல்லுங்க. இதுல காறல் அடிக்குதா?”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா!” என்றார் ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி.

“அது ஊருக்கு ஊரு மாறும். எங்களுக்குப் பழகல, அவ்வளவுதான்,” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

“காறல்தான்,” என்றார் நர்ஸ். “கடலை கெட்டுப்போயிருக்கு. ஆனா நீங்க இவ்வளவு நிதானமா அரைச்சு ஊத்தினீங்க, சரி, இங்க இப்படித்தான் செய்வாங்க போலன்னு இருந்துட்டேன்.”

“நான்கூட அப்படித்தான்,” என்றார் ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி மெதுவாக. கணவரைப் பார்த்து, “நீங்கதான் மண்ணு, மண்ணுன்னீங்க,” என்றார்.

டீச்சரம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“எனக்கு வாசனை தெரியாது. காய்ச்சல்ல போயிருச்சு. ஒண்ணுமே தெரியாது.”

ஸ்டேஷன் மாஸ்டருக்குப் புரிய நேரமாயிற்று. “அப்போ, நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்கன்னு சொல்றது…?”

“எனக்குத் தெரியாததாலதான்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டுகளை அடுக்கிக்கொண்டு டீச்சரம்மா எழுந்தார். குழம்பைத் தொட்டியில் கொட்டினார். நர்ஸ் பின்னாலேயே வந்து, கேட்காமலே எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். “இது நல்லாத்தான் இருக்கு,” என்று முட்டையை எடுத்து நீட்டினார். வெங்காயம் போட்டு நாலு முட்டையைப் பொரித்தார்கள்.

“கேஸ் லீக்கானா எப்படித் தெரியும் உங்களுக்கு?”

“காத வச்சுக் கேப்பேன். படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ.”

நர்ஸ் கரண்டியை வைத்துவிட்டார். “வீட்ல வேற யாருக்குத் தெரியும்?”

“இப்ப உங்க மூணு பேருக்கு.”

“நாங்க சாயந்திரம் வண்டியேறிருவோம்மா,” என்றார் நர்ஸ். கொஞ்சம் கோபமாகவே சொன்னார். “எங்ககிட்டச் சொல்லி என்ன புண்ணியம்?”

அவர்கள் போனபோது ஸ்டேஷன் மாஸ்டர் படியில் இரண்டு முறை திரும்பிக் கும்பிட்டார். மேசையைத் துடைத்த பிறகு டீச்சரம்மா பின்னறையில் போய்ப் படுத்தார். மூன்று பேரில் ஒருவர் எழுதினாலும் போதும், மேனேஜர் கவுண்டரில் இருக்கும் காகிதத்தைக் கிழித்துவிடுவார். வியாழக்கிழமையும் மற்ற கிழமைகள்போல் ஆகிவிடும். வெள்ளிக்கிழமை அவர் தெருமுனைப் பக்கம் போகவில்லை. சனிக்கிழமை மேனேஜரே போனைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்.

“டீச்சர், பாருங்க! ரயில்வேக்காரர் எழுதியிருக்கார். ‘இந்த ஊரின் உண்மையான ருசியை அறிய வேண்டுமானால் இந்த அம்மாவின் வீட்டுக்குப் போங்கள்’. அச்செடுத்து ஒட்டிரலாமா?”

டீச்சரம்மா அதை வாங்கிப் படித்தார். நல்ல மனிதர். குழம்பையும் விழுங்கினார், உண்மையையும் விழுங்கிவிட்டார். வகுப்பு பிழைத்துவிட்டது. அவர் ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தவர்கள் மூன்று பேரும் இரண்டு நாள் தூரத்துக்குப் போய்விட்டார்கள். டாக்டரை விட்டால், மறுபடியும் இந்த ஊரில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

“உங்க இஷ்டம்,” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். மேனேஜர் இறங்கிப் போனதும் தங்கையைக் கூப்பிட்டார்.

“என்ன அதிசயம்! வெளியூர்க்காரங்க யாரும் வரலையா?”

“எனக்கு மூக்கு வேலை செய்யல.”

“ஜலதோஷமா?”

“இல்ல. போன மழையிலேர்ந்து. அன்னைக்குப் பூண்டு தீஞ்சது அதனாலதான்.”

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு தங்கை கத்தத் தொடங்கினாள். “நான் என்ன, தண்டோரா போடவா போறேன்? தீஞ்சா என்ன, தீஞ்சதத் திங்க மாட்டேனா? உன்னை என்னமோன்னு நெனச்சு நான் இத்தனை மாசம்…” அவள் அழுகிறாளா திட்டுகிறாளா என்று தெரியவில்லை. டீச்சரம்மா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

அன்று சாயந்திரமே தங்கை வந்தாள். எல்லா டப்பாவையும் இறக்கித் திறந்து முகர்ந்தாள். கடலை, பழைய மாவு, பின்னால் கிடந்த இன்னொரு பாட்டில் எண்ணெய் எல்லாம் குப்பைக்குப் போயின. வேலை முடிந்து கை கழுவும்போது டீச்சரம்மா கேட்டார்.

“அப்போ ஞாயித்துக்கிழமை வர்றியா? முன்ன மாதிரி?”

தங்கை முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள். “ஞாயித்துக்கிழமை இப்பல்லாம் சம்பந்தி வீட்லக்கா. பேரன அன்னைக்கு மட்டுந்தான் விடுவாங்க. நீதான் வராதன்னியே, அது அப்படியே பழகிருச்சு. புதன்கிழமை ஆபீஸ் போற வழியில எட்டிப் பாக்கறேன். மறுநாள் வகுப்புக்கு எது வேணுமோ எடுத்து வை.”

“புதன்கிழமை நல்லதுதான்,” என்றார் டீச்சரம்மா.

இப்போது அவர் வியாழக்கிழமைகளில் மார்க்கெட் வாசலிலேயே விருந்தாளிகளிடம் சொல்லிவிடுகிறார்: எனக்கு வாசனை தெரியாது, உங்கள் மூக்கை நம்பித்தான் சமையல், கெட்ட வாடை வந்தால் சொல்லிவிட வேண்டும். அவர்கள் சிரிக்கிறார்கள். பாடம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒருவர், “தெரியும் டீச்சர், படிச்சோம்,” என்று கண்ணைக்கூடச் சிமிட்டினார். ஒருவரும் நம்பவில்லை. சொல்லிவிட்டு அவர் மீன்கடைப் பக்கம் நடக்கிறார்.

புதன்கிழமை தங்கை வருவாள். தோள் பையைக் கழற்ற மாட்டாள். செருப்பை மட்டும் வாசலில் விட்டுவிட்டு நேராகச் சமையலறைக்குள் போவாள். நின்றபடியே ஒவ்வொன்றாக மூக்குக்குக் கொண்டுபோய், “இது சரி, இது சரி, இதக் கொட்டு,” என்பாள். சாப்பிடச் சொன்னால் பஸ் போய்விடும் என்பாள். ஒரு புதன்கிழமை புதுக் கடலையை வறுத்துத் தட்டில் ஆறவைத்திருந்தார் டீச்சரம்மா. தங்கை குனிந்து முகர்ந்துவிட்டுத் தலையாட்டினாள்.

“எப்படி இருக்கு?”

“நல்லாருக்கு.”

“அதில்ல. எப்படி இருக்குன்னு சொல்லேன்.”

“எப்படின்னா? கடலை வாசனை அடிக்குதுக்கா. வேற என்னத்தச் சொல்ல? விடு, நேரமாச்சு.”

புல் என்றும் மழை என்றும் பெயின்ட் என்றும் எத்தனையோ பேர் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இப்படி யாரும் சொன்னதில்லை. தங்கை படியிறங்கி, தையல்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனாள். டீச்சரம்மா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போன பிறகு உள்ளே வந்து, ஒரு பிடி கடலையை எடுத்துக்கொண்டு, நீள மேசையில் போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார்.